செட்டப் பண்ணின வயலினுக்கு கூட காசு குடுக்கலாமா? கொஞ்சம் நீளமான பதில்

நீங்க கேட்டது மேலோட்டமா பார்த்தா மூணு கேள்வி. ஒரே கம்பெனி, ஒரே மாடல் வயலின் ஆன்லைன்ல ஒரு விலை, கடையில அதுக்கு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, கேட்டா "நாங்க செட்டப் பண்ணித் தர்றோம் சார்"னு சொல்றாங்க, அது நிஜமா இல்ல விக்கிறதுக்கு சொல்ற கதையா. அதே கடையில ஸ்ட்ராடிவாரின்னு பழைய காலத்து பெரிய இத்தாலிய வயலின் கைவினைஞர் பேர் போட்ட லேபிள் ஒட்டின ஒரு பழைய ஜெர்மன் வயலின் இருக்கு, அதை எடுக்கலாமா. வில்லு கூடவே தர்றாங்க, அது போதுமா. ஆனா முழுசா படிச்சுப் பார்த்தா நீங்க உண்மையில கேக்கறது, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, என்னை ஏமாத்துறாங்களான்னு நானே எப்படி கண்டுபிடிக்கிறது, அவ்ளோதான். நான் வயலின் விக்கிற, ரிப்பேர் பண்ற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால கடைக்காரங்க பக்கம் சாஞ்சு பேசுவேன்னு நீங்க சந்தேகப்பட்டா தப்பில்ல, அந்த சந்தேகத்தை வச்சுக்கிட்டே படிங்க.

செட்டப்ங்கறது, அதாவது வயலினோட பாகங்களை செதுக்கி, பொருத்தி வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வர்றது, நிஜம். ஆனா செட்டப் பண்ணிட்டோம்னு சொல்றவங்க எல்லாரும் நிஜமா பண்ணிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். பெரிய ஃபேக்டரில இருந்து பெட்டியில வர்ற வயலின் பாதி முடிஞ்ச சாமான்தான், உடம்பு செஞ்சு வார்னிஷ் அடிச்சு முடிச்சிருப்பாங்க, பிரிட்ஜ், அதாவது கம்பியைத் தாங்கி நிக்கற மரத்துண்டு, அச்சுல வெட்டினது அப்படியே, கால் கூட செதுக்காம தனியா பேப்பர்ல சுத்தி வச்சிருப்பாங்க, பெக், அதாவது கம்பியை முறுக்கற முளை, துளைக்குள்ள சும்மா சொருகியிருக்கும், நட் ரெண்டு மடங்கு உயரமா இருக்கும். இதை எல்லாம் வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வர நல்ல கைக்கு பல மணி நேரம் ஆகும். விலை வித்தியாசத்துல பெரும்பகுதி அந்த மணி நேரத்துக்குத்தான், மீதி கடை வாடகையும் லாபமும்.

இதுல நல்ல விஷயம் என்னன்னா செட்டப்ல முக்காவாசி அளந்து பார்க்கக் கூடிய விஷயம். காது வேணாம், ஒரு சின்ன ஸ்கேல் போதும். முதல்ல நட், அதாவது ஃபிங்கர்போர்டோட (கம்பியை விரலால அழுத்தற நீளமான பலகை) மேல் முனையில கம்பி ஏறி இறங்குற சின்ன கருங்காலி துண்டு. அங்க கம்பிக்கும் ஃபிங்கர்போர்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்குத்தான் இடைவெளி இருக்கணும், ஜி கம்பிக்கு, அதாவது நாலுல தடிமனான தாழ்ந்த ஸ்ருதி கம்பிக்கு, ஒரு இழை கூட இருக்கலாம். அதுக்கு மேல இருந்தா முதல் விரலை அழுத்தறதுக்கே வலிக்கும், ஸ்ருதியும் ஏறிப்போகும், ஆரம்பத்துல கத்துக்கிறவங்க "எனக்கு விரல் பலம் இல்ல"ன்னு நினைச்சுட்டு இருப்பாங்க, பாவம், தப்பு நட்டுல இருக்கும். அடுத்தது ஃபிங்கர்போர்டு. அது நேர் கோடா இருக்கக் கூடாது, நீளவாக்குல நடுவுல லேசா குழிஞ்சு இருக்கணும், மெல்லிசான ஈ கம்பி பக்கம் சுமார் அரை மில்லிமீட்டர், ஜி பக்கம் முக்காலில இருந்து ஒரு மில்லிமீட்டர் கிட்ட. கம்பியை ரெண்டு முனையிலயும் ஃபிங்கர்போர்டோட சேர்த்து அழுத்திப் பிடிச்சா நடுவுல அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அங்க மேடு இருந்தா கம்பி கரகரன்னு அடிக்கும், அதுக்கு இழைப்புளி போட்டு இழைக்கணும், வேற வழி கிடையாது. விலை குறைஞ்ச வயலின்ல ஃபிங்கர்போர்டு கருங்காலியே இல்லாம சாதா மரத்துக்கு கருப்பு சாயம் அடிச்சது இருக்கும், கொஞ்ச நாள்ல விரல் படுற இடத்துல சாயம் தேஞ்சு வெளுப்பு தெரியும், அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தா இன்னும் சீக்கிரம் தெரிஞ்சுடும்.

பிரிட்ஜ்தான் எல்லாத்தையும் விட முக்கியம், நான் ஒரு வயலினை கையில எடுத்தா முதல்ல பார்க்கறது அதோட கால்தான். ரெண்டு காலும் மேல் பலகையோட வளைவுக்கு அப்படியே ஒட்டி உக்காந்திருக்கணும், நடுவுல பேப்பர் நுழையக் கூடாது. பாக்கறதுக்கு சின்ன விஷயமா தெரியும், ஆனா நாலு கம்பியோட இழுவிசை மொத்தம் 20 கிலோவுக்கு மேல போகும், அதுல சுமார் 8 கிலோ பிரிட்ஜ் வழியா நேரா கீழ அழுத்துது, அந்த அழுத்தம் ரெண்டு முனையில மட்டும் இறங்கினா பலகைல தடம் விழும், சத்தமும் சரியா போகாது. காலோட கனம் சுமார் 4 மில்லிமீட்டர் சொச்சம், மேல கம்பி உக்காருற விளிம்பு 1.2, 1.3 மில்லிமீட்டர் கிட்ட. விளிம்பு 2 மில்லிமீட்டர் தடிமனா இருந்தா அது செதுக்கவே இல்லன்னு அர்த்தம், யாரும் கை வைக்கல, வெறும் கம்பி மாட்டி விட்டிருக்காங்க. டெயில்பீஸ் (கம்பியோட அடி முனையைப் பிடிக்கற துண்டு) பக்கத்து முகம் பலகைக்கு செங்குத்தா நிக்கணும், முன்னால சாஞ்சிருந்தா ஒரு நாள் டப்புன்னு விழும். ஃபிங்கர்போர்டு முடியுற இடத்துல கம்பி உயரம் ஈக்கு 3ல இருந்து 3.5 மில்லிமீட்டர், ஜிக்கு 5ல இருந்து 5.5. கடைக்காரர்கிட்ட "ஜி கம்பி உயரம் எவ்ளோ வச்சிருக்கீங்க"ன்னு சும்மா ஒரு கேள்வி போடுங்க. செட்டப் பண்றவர் உடனே நம்பர் சொல்வார், இல்லன்னா அளவுகோலை எடுத்து அளந்து காட்டுவார். "அதெல்லாம் ஃபேக்டரில பர்ஃபெக்டா வரும்"னு பதில் வந்தா நீங்க ஆன்லைன் விலைதான் குடுக்கணும்.

பெக் பத்தி நீளமா சொல்ல வேணாம். மெதுவா சுத்தணும், விட்ட இடத்துல நிக்கணும், ரெண்டும் சேர்ந்து நடக்கணும். பெக்கும் துளையும் ஒரே சரிவுல இருக்கணும், வயலினுக்கு அது 30க்கு 1. வாக்ஸ் தடவி சமாளிக்கறது தற்காலிகம். உள்ள பல்சக்கரம் வச்ச பெக் இப்போ வருது, வெளிய பாக்க சாதா பெக் மாதிரியே இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கும் விரல் மூட்டு வலி உள்ளவங்களுக்கும் அதை தைரியமா சொல்வேன். டெயில்பீஸ்ல ஒரு விஷயம் மட்டும், பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கற கம்பி நீளம் முன்னால இருக்கறதுல ஆறுல ஒரு பங்கு, அதாவது 55 மில்லிமீட்டர் கிட்ட வரும்படி வைக்கறது வழக்கம். நாலு கம்பிக்கும் பெரிய உலோக ஃபைன் டியூனரை (ஸ்ருதியை நுணுக்கமா சேர்க்கற திருகு) சாதா டெயில்பீஸ்ல மாட்டினா இந்த நீளம் குறைஞ்சுடும், எடையும் கூடும். நாலு டியூனர் வேணும்னா டியூனர் உள்ளயே வச்சு செஞ்ச டெயில்பீஸ் வாங்கிக்கறது மேல்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் வயலினுக்கு செய்யற செட்டப். வாசிக்கிற ஆளுக்கு செய்யற செட்டப் வேற, நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் வித்தியாசம் தெரியறது இங்கதான். மேல நான் குடுத்த அளவெல்லாம் ஜி டி ஏ ஈன்னு நிலையான ஸ்ருதியில கட்டற ஆளுக்கு. ஸ்ருதியை இறக்கிக் கட்டறவங்களுக்கு கணக்கே மாறும், ஏன்னா இழுவிசை ஸ்ருதியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். ரெண்டு செமிடோன் (அரை சுரம்) இறக்கினா இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும், நாலு செமிடோன் இறக்கினா கிட்டத்தட்ட 37 சதவீதம். அவ்ளோ தளர்ந்த கம்பி அகலமா ஆடும், அழுத்தி வில்லு போட்டா ஃபிங்கர்போர்டுல இடிக்கும், ஸ்ருதியும் கொஞ்சம் ஊசலாடும். அப்போ ரெண்டு வழி, கனமான கேஜ் கம்பி போடலாம், இல்ல உயரத்தை ஒரு இழை ஏத்தலாம். நான் முதல்ல கம்பியைத்தான் மாத்திப் பார்ப்பேன், ஏன்னா உயரத்தை ஏத்தினா கமகம் இழுக்கறப்போ விரல் அவஸ்தைப்படும். அதே மாதிரி ஒரே கம்பில மேல கீழ நழுவி வாசிக்கிறவங்களுக்கு ஃபிங்கர்போர்டு பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கணும், ஒரு சின்ன பள்ளம் கூட விரலுக்குத் தெரியும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுல சத்தமா வாசிக்கிறவங்களுக்கு கொஞ்சம் உயரம் நல்லது, வீட்டுல சாயங்காலம் அரை மணி நேரம் வாசிக்கிறவங்களுக்கு தாழ்வா இருக்கறது நல்லது. சுண்டு விரல் குட்டையா இருக்கறவங்க, கழுத்து நீளமா இருக்கறவங்க, எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு மாத்த முடியும். தாடைக்கட்டைய பாருங்க, 1820 வாக்குல ஜெர்மன் வயலின் வித்வான் லூயி ஸ்போர் கொண்டு வந்தது அது, இன்னிக்கு எத்தனையோ வடிவத்துல வருது, வயலினோட வந்ததையே வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா கழுத்து வலியோட வாசிக்கிறவங்க எத்தனை பேர். ஆகவே உங்ககிட்ட எப்படி வாசிப்பீங்க, எந்த ஸ்ருதி, எவ்ளோ நாளா, எதுவும் கேக்காமலே "செட்டப் முடிச்சாச்சு"ன்னு ஒரு கடை சொன்னா, முதல் பாதி வேலைதான் முடிஞ்சிருக்குன்னு எடுத்துக்கங்க. அது மோசடி இல்ல, ஆனா ரெண்டாம் பாதியை ஒரு மாசம் கழிச்சு இலவசமா பண்ணித் தருவீங்களான்னு கேட்டு வச்சுக்கங்க, தர்ற கடைங்க இருக்கு.

இப்போ சவுண்ட் போஸ்ட். இதுல பாதி நிச்சயம், பாதி நம்பிக்கை. நிச்சயமான பாதி இது. உள்ள மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவுல பசை இல்லாம இடுக்கி நிறுத்தின ஸ்ப்ரூஸ் குச்சி, சுமார் 6 மில்லிமீட்டர் குறுக்களவு, ஈ பக்கத்து பிரிட்ஜ் காலுக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் பின்னால நிக்கும். மறுபக்கம் ஜி காலுக்கு அடியில பாஸ் பார்ங்கற மரச்சட்டம் நீளவாக்குல ஒட்டியிருக்கும். போஸ்ட் பக்கம் அசையாம நிக்க, பாஸ் பார் பக்கம் ஆட, அந்த ஏற்றத்தாழ்வுலதான் கம்பியோட பக்கவாட்டு அசைவு பலகையோட அசைவா மாறுது. போஸ்ட் இல்லாம கம்பியை இறுக்கினா மேல் பலகை அமுங்கிடும். ரெண்டு முனையும் பலகையோட வளைவுக்கு முழுசா பொருந்தி நிக்கணும், நேரா நிக்கணும், ரொம்ப டைட்டாவும் கூடாது லூஸாவும் கூடாது. மேல் பலகைல எஃப் வடிவத்துல இருக்கற துளை வழியா ஒரு சின்ன டார்ச் அடிச்சுப் பார்த்தா ஓரளவு தெரியும், வயலினோட அடி முனையில டெயில்பீஸை மாட்டற பட்டனோட துளை வழியா பார்த்தா இன்னும் நல்லா தெரியும், ஆனா அதுக்கு கம்பியைக் கழட்டணும், அதை நீங்க பண்ணாதீங்க, கடையில பண்ணச் சொல்லுங்க.

சந்தேகமான பாதி என்னன்னா, அரை மில்லிமீட்டர் தள்ளினா தொனி இருட்டாகும், வெளிய இழுத்தா பளிச்சுன்னு ஆகும், இந்த மாதிரி விதிங்க. தள்ளினா மாறுதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, வாசிக்கிறவர் கையிலயே மாற்றம் தெரியும். எந்தப் பக்கம் தள்ளினா எப்படி மாறும்ங்கறதுலதான் ஒவ்வொரு லூதியரும் (வயலின் செய்யற, ரிப்பேர் பண்ற கைவினைஞர்) ஒண்ணு சொல்வார், நானும் ஒரு வரிசையில போறேன், அது பழக்கம், விஞ்ஞானம்னு சொல்லிக்க மாட்டேன். இன்னொண்ணு, போஸ்ட் நகர்த்தின உடனே வாசிக்கிறவர் "ஆஹா"ன்னு சொல்வார், ரெண்டு நாள் கழிச்சு "பழையபடியே இருக்கு போல"ன்னு சொல்வார். காது அந்த அளவுக்கு ஏமாறும். அதனால போஸ்ட் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு ஒவ்வொரு மாசமும் வரச் சொல்ற ஆள்கிட்ட எச்சரிக்கையா இருங்க. மழைக்காலம் வெயில்காலம் மாறறப்போ மரம் உப்பி சுருங்கறதால வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை பாக்கறது நியாயம்.

கம்பில ரொம்ப மயங்க வேணாம். தோமாஸ்டிக் கம்பெனி 1970ல டாமினன்ட்னு செயற்கை இழை வச்ச கம்பி கொண்டு வந்ததுல இருந்து அதுதான் பலருக்கும் அளவுகோல், கடைக்காரங்களும் ஒரு வயலினை எடை போட அதைத்தான் மாட்டுவாங்க. அதுக்கு மேல பிராஸ்ட்ரோங்கற கம்பெனில எவா பிராஸ்ஸி பளிச்சுன்னு அழுத்தமா இருக்கும், ஒப்லிகாட்டோ கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். கத்துற வயலினுக்கு அமைதியான கம்பி, மந்தமான வயலினுக்கு பளிச்சுன்னு கம்பி, இது பொதுவான கணக்கு, எப்பவும் பலிக்காது. ஒரு வயலின் நல்லா இருக்குன்னு தோணினா அதுல என்ன கம்பி மாட்டியிருக்குன்னு கேளுங்க. விலை கூடின கம்பியை மாட்டி சாதா வயலினை விக்கறது பழைய வித்தை, அடுத்த தடவை கம்பி மாத்தறப்போ தெரிஞ்சுடும்.

செட்டப்பால என்ன முடியாதுன்னும் சொல்லியாகணும். மேல் பலகை தடிமனா விட்டிருந்தா, இல்ல செதுக்காம சூடு பண்ணி அச்சுல அழுத்தி வளைச்ச பலகையா இருந்தா, எந்த பிரிட்ஜ் போட்டாலும் அது பேசாது. கழுத்து கோணம் தப்பா இருந்தா பிரிட்ஜ் உயரத்தை வச்சு ஓரளவுதான் சமாளிக்கலாம், அதுக்கு மேல கழுத்தையே கழட்டி திரும்ப பொருத்தணும், பெரிய வேலை, பல வயலினுக்கு அந்த வேலைக்கான செலவு வயலின் விலையையே தாண்டிடும். சோதிக்க வழி இருக்கு, ஃபிங்கர்போர்டு மேல ஒரு நேரான ஸ்கேலை வச்சு பிரிட்ஜ் வரைக்கும் நீட்டினா அது பலகையில இருந்து சுமார் 27 மில்லிமீட்டர் உயரத்துல பிரிட்ஜைத் தொடணும். 24, 25ல தொட்டா கழுத்து இறங்கியிருக்கு. நான் சொல்றது முழு சைஸ், அதாவது உடம்பு நீளம் சுமார் 356 மில்லிமீட்டர் இருக்கற வயலினுக்கு.

அடுத்து அந்த பழைய ஜெர்மன் வயலின். லேபிளை முதல்ல மனசுல இருந்து அழிச்சுடுங்க. அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1737ல கிரெமோனாவுல செத்துப் போனார், அவர் பேர் லத்தீன்ல போட்ட லேபிள் அதுக்கப்புறம் ஃபேக்டரிங்கள்ல எண்ணிக்கை இல்லாம ஒட்டினாங்க, பெரும்பாலும் ஏமாத்தறதுக்குன்னு கூட இல்ல, இந்த மாடலைப் பார்த்து செஞ்சதுன்னு சொல்றதுக்கு. லேபிள்ல ஜெர்மனின்னு ஆங்கிலத்துல அச்சடிச்சிருந்தா அது அனேகமா 1891க்கு அப்புறம், ஏன்னா அமெரிக்காவுல 1890ல போட்ட இறக்குமதி வரிச் சட்டம் எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதச் சொல்லிச்சு. ஆனா லேபிளை யார் வேணா எப்ப வேணா மாத்தி ஒட்டலாம், அதனால அதுவும் ஆதாரம் ஆகாது. அந்தக் காலத்துல ஜெர்மனில மார்க்நொய்கிர்ஷன், மிட்டன்வால்ட் ஊருங்க பக்கம் ஒருத்தர் கழுத்து, ஒருத்தர் பலகைன்னு வேலையைப் பிரிச்சு செஞ்சு உலகம் பூரா அனுப்பினாங்க, அதுல அருமையானதும் இருக்கு, அடுப்புக்குப் போக வேண்டியதும் இருக்கு. மரத்தோட வளையத்தை எண்ணி வயசு சொல்ற சோதனை இருக்கு, அதுவும் இந்த வருஷத்துக்கு முன்னால இந்த பலகையை செஞ்சிருக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லும், யார் செஞ்சாங்கன்னு சொல்லாது.

பழசை வாங்கறப்போ தொனியை விட முதல்ல உடம்பைப் பாருங்க. விளிம்புல பலகையை ஒட்டின மூட்டு வாயைப் பிளந்திருந்தா பயப்பட வேணாம், வயலினை வஜ்ஜிரத்துல ஒட்டறதே அதுக்குத்தான், காத்து வறண்டு மரம் சுருங்கறப்போ பலகை வெடிக்காம பசை விட்டுக் கொடுக்கும், திரும்ப ஒட்டிக்கலாம். எவனாவது அங்க ஃபெவிகாலோ எப்பாக்ஸியோ போட்டிருந்தாதான் கவலை. மேல் பலகைல பழைய வெடிப்பு நல்லா ஒட்டி உள்ள சின்ன சின்ன மரத்துண்டு வச்சு பலப்படுத்தியிருந்தா வாசிக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது, விலைல மட்டும் பேசலாம். ஆனா கீழ் பலகைல சவுண்ட் போஸ்ட் நிக்கிற இடத்துல வெடிப்பு இருந்தா அது வேற கதை, எப்படி ஒட்டினாலும் மறு விற்பனை விலை பெரிய அளவுல விழும், வார்னிஷுக்கு அடியில மறைச்சும் இருப்பாங்க. வெளிச்சத்தை சாய்ச்சுப் பிடிச்சு அந்த இடத்தைப் பாருங்க, "இதுல போஸ்ட் கிராக் எதுவும் இல்ல"ன்னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத தயங்கினா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

பழசுதான் நல்லா பாடும்ங்கற நம்பிக்கை பத்தி ஒரு வார்த்தை. ஒலி ஆராய்ச்சியாளர் கிளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் செய்யற ஜோசப் கர்ட்டினும் சேர்ந்து 2010ல இண்டியானபோலிஸ்ல ஒரு சோதனை வச்சாங்க, 21 பேர் கண்ணை மறைச்சுக்கிட்டு மூணு புது வயலின், பழசுல ரெண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி (அதே காலத்து இன்னொரு பெரிய இத்தாலிய கைவினைஞர் செஞ்சது) வாசிச்சாங்க, அதிகம் பேருக்குப் பிடிச்சது ஒரு புதுசு, கடைசியா வந்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012ல பாரிஸ் பக்கத்துல 10 தனி வித்வான்களை வச்சு திரும்ப பண்ணினப்போ 6 பேர் புதுசைத்தான் எடுத்தாங்க. இதை வச்சு பழசு எல்லாம் சும்மான்னு நான் சொல்ல வரல. அந்த முதல் சோதனைல பழைய வயலினுங்களோட செட்டப்பை தொடக் கூடாது, கம்பியைக் கூட மாத்தக் கூடாதுன்னு நிபந்தனை இருந்துச்சு, அதை வச்சு சோதனையோட முடிவைக் கேள்வி கேக்கறது நியாயமான ஆட்சேபணை, செட்டப் எவ்ளோ முக்கியம்ங்கறதுக்கும் அது ஒரு சாட்சி. உங்களுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது, வயசுக்காக காசு குடுக்காதீங்க. புது வயலின் வாசிக்க வாசிக்க திறந்துக்கும்னு சொல்வாங்க பாருங்க, அதையும் விக்கறப்போ சொன்னா நம்பாதீங்க. புது செட்டப் முதல் சில வாரம் செட்டில் ஆகும், கம்பி இழுபடும், அது உண்மை. வருஷக்கணக்கா வாசிச்சா மரமே மாறுமாங்கறது எனக்கு இன்னும் சந்தேகம்தான், வாசிக்கிறவர் அந்த வயலினுக்குப் பழகிடறார்ங்கறது இன்னும் எளிமையான விளக்கம். இன்னிக்குப் பிடிக்காத வயலினை நாளைக்குப் பிடிக்கும்னு வாங்காதீங்க.

கடையில எப்படி சோதிக்கறதுன்னா, விலையை மறைக்கச் சொல்லுங்க. மூணு நாலு வயலினை வரிசையா வச்சு ஒரே வில்லால, முடிஞ்சா உங்க சொந்த வில்லால, ஒரே மெதுவான பாட்டை வாசிங்க. ஒவ்வொரு கம்பியிலயும் அரை அரை சுரமா மேல போங்க, ஏதாவது ஒரு சுரம் மட்டும் செத்துப் போகுதா, உறுமுதான்னு பாருங்க, முக்கியமா ஜி கம்பியில மேல் இடத்துல. மெல்லிசா வாசிச்சா உடனே பேசுதான்னு பாருங்க, சத்தமா வாசிக்கறதை விட அதுதான் நல்ல வயலினைக் காட்டிக் குடுக்கும். அப்புறம் வேற ஒருத்தரை வாசிக்கச் சொல்லி நீங்க அறையோட மறு கோடியில நில்லுங்க, காதுக்கு அடியில கத்துற வயலின் தூரத்துல அழகா இருக்கும், காதுக்கு அடியில இனிக்கிறது பத்தடி தாண்டாது, ரெண்டும் நடக்கும். கடைசியா ரெண்டு மிஞ்சினா ஒரு வாரம் வீட்டுக்குக் கேளுங்க. தரமான வயலின் விக்கிற கடைங்க டெபாசிட் வாங்கிக்கிட்டு குடுப்பாங்க. உங்க டீச்சரைக் கூட்டிட்டுப் போறதும் நல்லதுதான், ஆனா இந்த தொழில்ல ஒரு அசிங்கம் இருக்கு, சில கடைங்க மாணவரை அனுப்பற டீச்சருக்கு கமிஷன் குடுக்கும், அந்தக் காசு உங்க பில்லுலதான் ஏறும். எல்லா டீச்சரும் அப்படி கிடையாது, பெரும்பாலானவங்க அப்படி இல்ல, ஆனாலும் கடைக்காரர்கிட்ட நேரா கேக்கறதுல தப்பே இல்ல.

அப்போ ஆன்லைன்ல வாங்கிட்டு வெளிய லூதியர்கிட்ட செட்டப் பண்ணிக்கலாமான்னு கேப்பீங்க. பண்ணிக்கலாம், சில சமயம் அதுதான் புத்திசாலித்தனம். ஆனா கணக்கு போடறப்போ பிரிட்ஜ், போஸ்ட், நட், பெக், கம்பி எல்லாத்தையும் சேர்த்துப் போடுங்க, அநேகமா கடை விலை கிட்ட வந்து நிக்கும். அதோட பத்து பெட்டியில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற வாய்ப்பு உங்களுக்குக் கிடையாது, ஒரே மாடல்ல ரெண்டு வயலினுக்குள்ளயே வித்தியாசம் இருக்கும். உங்க விஷயத்துல, நீங்க சொன்ன ரெண்டு விலையை வச்சுப் பார்த்தா, மேல சொன்ன அளவெல்லாம் சரியா இருந்தா நான் கடையிலதான் வாங்குவேன், அளவு தப்பா இருந்தா ரெண்டு இடத்துலயும் வாங்க மாட்டேன். வயலினைப் பார்க்காம, கேக்காம இதுக்கு மேல யாரும் உங்களுக்கு நேர்மையா சொல்ல முடியாது.

வில்லு பாக்கி இருக்கு. கூட வர்ற வில்லு பெரும்பாலும் வயலினை விக்கறதுக்கு வச்ச இனாம்தான். கண்ணுக்கு நேரா பிடிச்சு கைப்பிடி பக்கத்துல இருந்து நுனி வரைக்கும் பாருங்க, பக்கவாட்டுல வளைஞ்சிருந்தா வேணாம். முடியை லேசா இறுக்கினப்போ குச்சி உள்பக்கமா வளைஞ்சே இருக்கணும், நேராவோ வெளிப்பக்கமாவோ போச்சுன்னா குச்சில பலம் இல்ல. எடை 60 கிராம் கிட்ட, ரெண்டு மூணு முன்ன பின்ன பரவால்ல, எடையை விட அது கையில எங்க நிக்குதுங்கறதுதான் முக்கியம். பெர்னாம்புகோ மரத்துல செஞ்சதுன்னு சொல்லி விலை ஏத்தினா, அந்த மரம் 2007ல இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, பேப்பர் கேளுங்க. அந்த விலைக்குப் போக வேண்டாம்னா கார்பன் ஃபைபர் வில்லு ஒண்ணு எடுங்க, கோணிப் போகாது, வெயிலுக்கும் மழைக்கும் அசராது. என்னைக் கேட்டா வயலினுக்கு வச்ச காசுல நாலுல ஒரு பங்கு வில்லுக்கு ஒதுக்கிடுங்க, இனாம் வில்லு வேணாம்னு சொல்லி அந்த மதிப்பை விலையில கழிக்கச் சொல்லுங்க, கேட்டா கழிப்பாங்க.